தட்டிக் கேட்க ஓர் ஆள்

நாற்கால் நோயாளிகளை நெடுநாள் நாடி பிடித்துப் பார்த்து, இன்று இருகால் நோயாளிகளாகிய நம்மை நயமாக மேய்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், கால்நடை மருத்துவர் அவர்களே! கரண்டி பிடித்த கையால் எங்கள் கோடையைக் குளிர்வித்த சமையற்கூடத்துச் செம்மல்களே! மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடியை முக்கால் மணி நேரம் தேடிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் முதியோர்களே! பிள்ளைகளை வளர்த்து, பிள்ளைகளின் பிள்ளைகளையும் வளர்த்து, இனி வளர்க்க ஆளில்லாமல் ஒருவரையொருவர் வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடிக்க மாலைத் தேநீரையே துறந்து வந்த தியாகிகளே! மஞ்சள் தொப்பி அணிந்த தொண்டர் படையே! முன்வரிசையில் வாக்கர் மீது இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, 'இது எப்ப முடியும்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் லிஃப்ட் அண்ணன் அவர்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், பாதியில் எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருக்கும் மடிப்பு அக்கா அவர்களே! உங்கள் அனைவரின் செவிகளையும், செவியில் மாட்டிய கருவிகளையும் வணங்கித் தொடங்குகிறேன்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நஷ்டமில்லை.

என்னை நீங்கள் அறிவீர்கள். இரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசிப் பேசியே தலை நரைத்தவள். 'பிளாட்பாரம்' என்று எனக்குப் பட்டம் சூட்டியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. வந்த வண்டியையும் வராத வண்டியையும் ஒரே குரலில் சொல்வது என் தொழில். திருமணத்துக்குப் போகிறவரும் அந்தக் குரலைத்தான் கேட்டார், சாவு வீட்டுக்குப் போகிறவரும் அதைத்தான் கேட்டார். ஆகையால்தான் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க யாரு பக்கமும் சாய மாட்டீங்க. நீங்களே நன்றியுரை சொல்லிடுங்க" என்றார்.

இந்தக் கோடைத் தொண்டு நிறைவு விழாவின் அழைப்பிதழில் நன்றியுரை என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் நன்றி சொல்லி முடித்த கையோடு நம்மில் ஒருவர் இங்கிருந்து போகப் போகிறார். நேற்று மாலை மடிப்பு அக்கா தம்முடைய மஞ்சள் தொப்பியைத் தலைவரின் மேசைமேல் வைத்தார். "நான் தம்பி வீட்டோட போயிடறேன் டாக்டர். நாளன்னிக்குக் காலையில டாக்ஸி சொல்லியாச்சு" என்றார். நேற்று சொன்ன அந்த நாளன்றைக்கு என்பது, பெரியோர்களே, நாளைக் காலை. அவர் போகத்தான் வேண்டுமா? அதை இந்த அவை தீர்மானிக்கட்டும். நான் நடந்ததை மட்டும் அறிவிக்கிறேன். ஏனென்றால் சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு கதை உலவுகிறது. ஒரு கதையில் லிஃப்ட் அண்ணன் மாடியிலிருந்தே விழுந்துவிட்டார்.

கோடை வந்தால் நம் குடியிருப்பு என்ன ஆகும்? பாதிக் கதவுகள் பூட்டிக்கொள்ளும். பிள்ளைகள் காரில் வந்து அழைத்துப் போவார்கள். காருக்கு இடமில்லாதவர்கள், கார் வராதவர்கள், வந்த காரில் ஏறப் பிடிக்காதவர்கள் ஆகிய நாம் மிஞ்சுவோம். மிஞ்சியவர்கள் சும்மா இருப்போமா? தொண்டு செய்வோம்! தொண்டென்றால் எப்படிப்பட்ட தொண்டு? எலுமிச்சைச் சாற்றுப் பந்தல் போட்டோம், நினைவிருக்கிறதா? மேசைக்குப் பின்னால் ஊற்றிக் கொடுக்க ஒரு கூட்டம். மேசைக்கு முன்னால் வாங்கிக் குடிக்க ஓர் ஆள் இல்லை! எல்லோரும் தொண்டர். யாருக்குத் தொண்டு? கடைசியில் கொடுத்த கையே குடித்த கையானது.

பார்வை மங்கியவர்களுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டும் பணி வைத்தோம். படிக்க முன்வந்தவர் யார்? அச்சகத்தில் பிழை திருத்தியவர். மனிதர் செய்தியை விட்டுவிட்டார், பிழையைத்தான் படித்தார். கேட்டவர்களுக்கு நாட்டில் என்ன நடக்கிறதென்று இன்றுவரை தெரியாது. எந்த வரியில் ஒற்று விழுந்து கிடக்கிறது என்று தெரியும். சிரிக்காதீர்கள், அவரும் இங்கேதான் இருக்கிறார். அழைப்பிதழில் எத்தனை பிழை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒரு தொண்டு, உண்மையிலேயே உயிர்காக்கும் தொண்டு. நீலத் துணித் தொண்டு. இரவு படுக்கப் போகும்போது நம் கதவின் வெளிக் கைப்பிடியில் ஒரு நீலத் துணியைத் தொங்கவிட வேண்டும். காலையில் எழுந்ததும் அதை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். தேநீர் வேளை முடிந்து தொண்டர் ஒருவர் மாடி மாடியாக வருவார். துணி இல்லையா? உள்ளே இருப்பவர் நலம். துணி இன்னும் தொங்குகிறதா? கதவைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். துணி இருந்தால் தட்டு, துணி இல்லையேல் நடையைக் கட்டு. இதை வகுத்தவர் நம் தலைவர். மாட்டுக்கு மணி கட்டிப் பழகியவர், மனிதருக்குத் துணி கட்டினார்.

இனி மடிப்பு அக்காவைச் சொல்ல வேண்டும். அக்கா பெரிய தங்கும் விடுதி ஒன்றில் அறைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. துண்டைக் கொடுத்தால் குருவியாக மடித்துத் தருவார்; அதில் முகம் துடைக்க நமக்கு மனம் வராது. அந்த விடுதியில் அவர் கற்ற முதல் பாடம், முழுப் பாடம், ஒரே பாடம்: உறங்குகிறவரை எழுப்பாதே! விருந்தாளி உறங்கினால் தாழ்வாரமே மூச்சடக்க வேண்டும். வாளி மோதக்கூடாது. வளையல் ஒலிக்கக்கூடாது. கதவைத் தட்டவே கூடாது. வாழ்நாளெல்லாம் கதவைத் தட்டாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒருவரை, அன்பர்களே, நாம் கதவைத் தட்டும் படையில் சேர்த்துக்கொண்டோம்!

அக்காவின் அடுத்த வீட்டுக்காரர்தான் லிஃப்ட் அண்ணன். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் ஏற்றி இறக்கிய மெக்கானிக். மனைவி போனபிறகு இங்கே வந்தவர். சம்பவம் நடந்த வாரம் வெக்கை தாங்காமல் இரண்டு இரவு கண் மூடவில்லை. "ஒரு பொட்டுத் தூக்கம் இல்லைம்மா" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சொன்னது தப்பா? இல்லை. கேட்டது தப்பா? அதுவும் இல்லை. ஆனால் அக்காவின் காதில் விழுந்தால் அது கட்டளை.

மறுநாள் விடிந்தது. அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்தார். சமையலறைத் தரையில் ஈரம். வழுக்கியது. இடுப்பு எலும்பு நொறுங்கியது. கைப்பேசி கட்டில்மேல், மனிதர் தரைமேல். வெளியே கைப்பிடியில் நீலத் துணி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சட்டப்படி எல்லாம் சரி. துணி தொங்குகிறது, தொண்டர் வருவார், தட்டுவார், திறப்பார், தூக்குவார். ஆனால் தொண்டர் வருமுன்னே யார் வந்தார்?

அன்பு வந்தது, ஐயா! அன்பு முந்திக்கொண்டு வந்தது!

அக்கா கதவைத் திறந்தார், பக்கத்துக் கதவில் துணியைப் பார்த்தார். "அடடா, இப்பதான் மனுஷன் கண்ணசந்திருப்பாரு. இவங்க வந்து தட்டி எழுப்பிடுவாங்களே" என்று பதறினார். துணியை மெல்லக் கழற்றினார். கை சும்மா இருக்குமா? குருவியாக மடித்தார். சன்னல் விளிம்பில் உட்கார வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து அண்ணன் வாசலில் போட்டுக்கொண்டு காவலுக்கும் அமர்ந்துவிட்டார்.

அன்று சுற்றுப்பணியில் வந்தவர் நம் பிழை திருத்துபவர். கைப்பிடியைப் பார்த்தார்; துணி இல்லை. அக்காவைப் பார்த்தார்.

அக்கா உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்... ரெண்டு ராத்திரியா தூக்கம் இல்லை, பாவம். தூங்கட்டும்" என்றார்.

ஒற்றுப் பிழையை ஒன்பது அடி தூரத்தில் பிடிக்கும் அந்தக் கண்ணில், உற்ற பிழை படவில்லை. "நல்லா தூங்கட்டும்மா" என்று இவரும் நுனிக்காலில் நடந்து போனார். போனவர் சும்மா போனாரா? வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். தாழ்வாரத்தில் சதுரங்கம் ஆடியவர்கள் பலகையோடு கீழே இறங்கினார்கள். எதிர் வீட்டு வானொலி வாய் மூடியது. எலுமிச்சைக் குழு டம்ளர்களைத் துணி சுற்றிக் கொண்டுபோனது. அந்த மாடி அன்று காத்த அமைதியை நம் பிரார்த்தனைக் கூட்டத்தில் நான் கண்டதில்லை.

உள்ளே அண்ணன் விழித்திருக்கிறார், தாய்மார்களே! ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுகிறது. தொண்டை வறண்டு குரல் எழவில்லை. "அம்மா... அம்மா..." என்று முனகுகிறார். வெளியே அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "பாருங்க, தூக்கத்துல உளறுறாரு. எத்தனை நாள் அசதியோ!"

தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பார்கள். நாம் தூங்காதவரையே எழுப்பாமல் விட்டவர்கள். உபகாரம் உபத்திரவமான கதை கேட்டிருக்கிறேன். ஒரு மாடி முழுக்கக் கூடிச் செய்த உபகாரம் இது ஒன்றுதான்.

பிறகு எப்படிப் பிழைத்தார்? தொழில் காத்தது. லிஃப்டில் சிக்கியவர்கள் கத்தினால் யாருக்கும் கேட்காது, இரும்பைத் தட்டினால் கட்டடம் முழுக்கக் கேட்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். தரையில் கிடந்த கரண்டியை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் தட்டினார். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். குழாய் மாடி மாடியாக இறங்கித் தலைவரின் சமையலறை வரைக்கும் போகிறது. தலைவர் படிக்கட்டுக்கு வந்து கத்தினார்: "யாருய்யா அது, குழாயைப் போட்டுத் தட்டறது?"

கத்தலாமா? அக்காவுக்கு வந்ததே கோபம்! "மெதுவா டாக்டர்! மேல ஒரு மனுஷன் தூங்கறாரு. தட்டறது யாருன்னு நான் பார்த்துட்டு வரேன்" என்று புறப்பட்டார். பிழை திருத்துபவரும் கூடவே. கீழ்வீட்டில் குழாயில் காது வைத்தார்கள்; சத்தம் மேலிருந்து வந்தது. நடுமாடியில் காது வைத்தார்கள். இன்னும் மேலிருந்து வந்தது. அண்ணன் தூக்கத்தைக் கெடுக்கும் பாவியைத் தேடித் தேடி, அன்பர்களே, அண்ணன் வாசலுக்கே வந்து நின்றார்கள்!

அப்போதும் அக்காவுக்குப் புரியவில்லை. பழகிய மனம் லேசில் திரும்பாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதவைத் தட்டினார். எதற்குத் தட்டினார்? சத்தம் போடாதே என்று சொல்வதற்கு! "யாருங்க உள்ள தட்டறது? அவர் தூங்கறாருல்ல!" என்றார். உள்ளிருந்து மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். அப்புறம்தான் அக்காவின் முகம் வெளுத்தது.

அலுவலகத்திலிருந்து மாற்றுச் சாவி வந்தது. கதவு திறந்தது. தரையில் கிடந்த அண்ணன் அக்காவைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "தூங்கலீங்க."

தலைவர் ஓடிவந்து, பழக்கதோஷத்தில் காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். நாலு காலுக்குப் பார்த்தவர்தானே, இரண்டு காலுக்கும் பழுதில்லாமல் பார்த்தார், ஆம்புலன்ஸ் வந்தது, அறுவை நடந்தது, அண்ணன் இதோ உட்கார்ந்திருக்கிறார். கைதட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான்.

போதும், போதும். கதை அங்கே முடிந்திருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். முடியவில்லை. அதற்கப்புறம் மடிப்பு அக்கா சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஒருநாள் நுழைந்தபோது யாரோ உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்றார்கள். மேசையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தட்டைத் தன் அறைக்கே வாங்கிக்கொண்டு போனார். இந்தப் பக்கம் அண்ணன் மருத்துவமனையிலிருந்து திரும்பியும் கைப்பிடியில் துணி தொங்கவிடுவதில்லை. ஒருநாள்கூட இல்லை. 'பார்த்தாயா, மனிதருக்கு அவள்மேல் எவ்வளவு கோபம்!' என்று ஊர் பேசியது. அது அக்காவின் காதுக்கும் போனது. டாக்ஸி சொல்லப்பட்ட காரணம் அதுதான்.

வதந்தியை அறிவிக்க எனக்கு உரிமம் கிடையாது. நேற்று அண்ணன் வீட்டுக்கே போனேன். நேராகக் கேட்டேன்: "அண்ணே, அக்கா மேல கோவமா?"

"வராம இருக்குமா? வந்துச்சு. 'அட தட்டித் தொலைங்களேன்'னு கத்தணும் போல இருந்துச்சு. தொண்டை வரலை" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் படுத்த படுக்கையா யோசிச்சேன். என் பொண்டாட்டி போனப்புறம் நான் சாப்பிட்டேனான்னு கேட்டவங்க உண்டு. தூங்கினேனான்னு கேட்டது இவங்க ஒருத்தர்தான். எனக்காக ஒரு மாடியையே வாயை மூட வெச்சாங்களே, அவங்க மேல எத்தனை நாளைக்குக் கோவத்தை வெச்சுக்கறது?"

"அப்ப துணி ஏன் தொங்கவிடறதில்லை?"

அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டார். எடுத்தார். நீலத் துணி. குருவியாக மடித்தபடியே இருந்தது. சன்னல் விளிம்பிலிருந்து அண்ணனோடு மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய குருவி.

"தொங்கவிடணும்னா இதைப் பிரிக்கணும். பிரிச்சா திரும்ப மடிக்க எனக்கு வராது. அவங்க வந்து தட்டட்டும், சொல்லிக்குடுக்கட்டும், அப்புறம் தொங்கவிடறேன். ஒருதரம் நின்னுபோன லிஃப்டைத்தான் அதுக்கப்புறம் ஒழுங்கா பார்த்துக்குவாங்க. இனிமே இந்தக் கட்டடத்துல தட்ட மறக்காத ஆளு யாரு? அவங்கதான்!"

அவையோரே! தாய்மார்களே! நாம் என்னென்ன தொண்டு செய்தோம்! சாறு பிழிந்தோம், செய்தி படித்தோம், செடிக்கு நீர் விட்டோம், செருப்பைக்கூட அடுக்கி வைத்தோம். ஆனால் முதுமையில் நமக்குக் குறைவது எது? சோறா? சுகமா? சொந்தமா? தட்டிக் கேட்க ஆள் குறைகிறது! மாத்திரை போடாவிட்டால் தட்டிக் கேட்க ஆளில்லை. மனம் உடைந்து படுத்திருந்தால் தட்டிக் கேட்க ஆளில்லை. 'இவ்வளவு நேரம் உள்ளே என்ன பண்றே?' என்று சண்டை போட ஆளில்லை. மரியாதை என்ற பெயரால் நம்மை மெல்ல மெல்ல உள்ளே விட்டுச் சாத்துகிறார்கள். 'தொந்தரவு செய்ய வேண்டாம், ஓய்வெடுக்கட்டும்' என்கிறார்கள். பிள்ளைகள் சொல்கிறார்கள், உறவு சொல்கிறது, நாமும் ஒருவருக்கொருவர் அதையே சொல்கிறோம்! அந்தக் காலையில் அமைதி காத்தது ஓர் அக்கா அல்ல, ஒரு மாடி. அப்படியிருக்கத் தொப்பியைக் கழற்றுவது மட்டும் ஏன் ஒரு தலை?

தொந்தரவு செய்யுங்கள்! துணி இருந்தாலும் தட்டுங்கள், இல்லாவிட்டாலும் தட்டுங்கள்! தூங்கினால் எழுப்புங்கள், எழுந்து திட்டினால் திட்டு வாங்குங்கள், திட்டுவதற்கு ஆள் இருக்கிறாரே என்று திரும்பி வாருங்கள்!

என்ன அண்ணே? ஆமாம், நீங்கள் வந்த பிறகு மணிக்கொரு தரம் தட்டுகிறார்கள், குளிக்க விடவில்லை என்று சொன்னீர்கள். அதையும் அறிவித்துவிட்டேன். குளிக்கும்போது தட்ட வேண்டாம்.

நான் நடந்ததை மட்டும் சொல்வதாகத்தான் மேடையேறினேன். வண்டி வந்தால் என்ன, போனால் என்ன என்று வாழ்ந்தவள். ஆனால் இதைச் சொல்லிவிடுகிறேன்: மடிப்பு அக்கா போவது எனக்குப் பிடிக்கவில்லை. துளியும் பிடிக்கவில்லை. அக்கா, போகாதீர்கள்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிறது. அக்கா எழுந்துவிட்டார். கதவுப் பக்கம் திரும்புகிறார். யாரும் தடுக்க வேண்டாம், அது அவர் உரிமை...

அண்ணே, என்ன செய்கிறீர்கள்? சபையோரே, சற்று அமைதி. லிஃப்ட் அண்ணன் தேநீர்க் கரண்டியால் வாக்கரைத் தட்டுகிறார். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. நிறுத்தம். 'ஷ்ஷ்' சொல்லாதீர்கள், ஐயா! தட்டட்டும்!

அக்கா நின்றுவிட்டார். என்ன அக்கா? மைக் இல்லாமல் எனக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள். "யாருங்க அது தட்டறது" என்கிறார்.

அண்ணன் பதில் சொல்கிறார்: "நான்தாங்க. இன்னும் தூங்கலீங்க."

அழுகிறார். சிரிக்கவும் செய்கிறார். வழி விடுங்கள், வழி விடுங்கள். முன்வரிசைக்கு வருகிறார். அண்ணன் பையிலிருந்து குருவியை எடுத்து நீட்டுகிறார். தலைவர் அவர்களே, மேசைமேல் இருக்கும் அந்த மஞ்சள் தொப்பியை இங்கே கொடுங்கள்.

பயணிகளின் கவனத்திற்கு! நாளைக் காலை தம்பி வீடு செல்லவிருந்த மடிப்பு அக்காவின் வண்டி... இருங்கள், அவரே ஏதோ சொல்கிறார். "மொதல்ல அந்த டாக்ஸிக்காரருக்கு யாராவது போன் பண்ணுங்க" என்கிறார்.

ரத்து செய்யப்படுகிறது!

இத்துணை நேரம் விழித்திருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. தூங்கியவர்களுக்கும் நன்றி, ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். வணக்கம்.